கடல் உறையும் காலம்

பிப்ரவரி கடைசியில் அண்டார்க்டிகாவின் கோடை முடியும்போது, கண்டத்தைச் சுற்றி மிஞ்சியிருக்கும் கடல்பனி வழக்கமாகச் சுமார் 30 லட்சம் சதுர கிலோமீட்டர்தான். செப்டம்பரில் அதுவே 1 கோடியே 80 லட்சத்தைத் தாண்டிவிடும். இந்தியாவைப் போல நான்கு நாடுகளை வைத்தாலும் இடம் மிஞ்சும் அளவுக்கு, ஏழே மாதத்தில் கடல் தரையாகிறது.

சாதாரணத் தண்ணீர் 0 டிகிரியில் உறையும். கடல்நீருக்கு உப்பு இருப்பதால் மைனஸ் 1.8 டிகிரி வரை போக வேண்டும். முதலில் ஊசி ஊசியாகப் பனித்துகள்கள் மிதக்கும். அவை சேரச் சேர, எண்ணெய் கொட்டியதுபோல நீர்ப்பரப்பு மங்கும். அலை சும்மா விடுமா? உருட்டி உருட்டி அந்தக் கூழை வட்ட வட்டமாக்கிவிடும். வட்டங்கள் ஒன்றையொன்று முட்டி, தாம்பாளத்துக்கு இருப்பதுபோல ஓரம் மேலெழும்பி நிற்கும். கடைசியில் எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே பாளமாகும்.

எனக்குப் பெரிய வியப்பு பாளத்தின் அடியில் நடப்பதுதான். பனிப்படிகத்துக்குள் உப்புக்கு இடமில்லை. உப்பளத்தில் வெயில் நீரைப் பிரித்தெடுக்கிறது. இங்கே அதைக் குளிர் செய்கிறது. ஒதுக்கப்பட்ட உப்பு கடுங்கரைசலாகி, பாளத்துக்குள் இருக்கும் நுண்குழாய்கள் வழியே கீழே கசிகிறது. இதனால் குளிர்ந்து, கனத்துப்போகும் கடல்நீர், கண்டத்தின் விளிம்பில் சில இடங்களில் சரிவு வழியாக ஆழத்துக்கு இறங்கி, உயிர்வளியையும் கூடவே கொண்டுபோகிறது. அப்புறம் உலகப் பெருங்கடல்களின் தரையெங்கும் மெல்ல ஊர்கிறது. வங்காள விரிகுடாவின் அடியாழத்தில் கிடக்கும் குளிர்நீருக்கும் பூர்வீகம் அந்தத் தென்கடல்தான்.

பாளத்தைப் புரட்டிப் பார்த்தால் அடிப்பக்கம் பழுப்பேறியிருக்கும். அழுக்கல்ல, பாசி. பனியை ஊடுருவி வரும் கொஞ்ச வெளிச்சமே அதற்குப் போதும். இறால் போன்ற சிற்றுயிரான கிரிலின், கோடையில் பிறந்த குஞ்சுகள் முதல் குளிர்காலத்தைத் தாண்டுவது, தலைகீழாய்க் கிடக்கும் இந்த மேய்ச்சல் நிலத்தை நம்பித்தான். அந்தக் கிரிலை நம்பி பென்குயின், சீல், திமிங்கலம்.

2014 செப்டம்பரில் இந்தப் பனி 2 கோடி சதுர கிலோமீட்டரையும் தாண்டிப் பரவியது. 2023 பிப்ரவரியிலோ 18 லட்சத்துக்கும் கீழே போனது. செயற்கைக்கோள்கள் தொடர்ந்து அளக்கத் தொடங்கியதிலிருந்து அதுவரை காணாத குறைவு. அந்த ஆண்டுக் குளிர்காலத்திலும் அது பழைய அளவுக்கு மீளவில்லை. கடல்நீர் சூடானதற்கு இதில் பங்குண்டு என்பது ஆய்வாளர்கள் பலரின் கணிப்பு.

எம்பரர் பென்குயின்கள் பெரும்பாலும் கரையோடு ஒட்டிய கடல்பனியின் மேல்தான் முட்டையிட்டுக் குஞ்சு வளர்க்கின்றன. நீர்புகா இறகு முளைத்து குஞ்சுகள் கடலில் இறங்க டிசம்பர் ஆகிவிடும். அதுவரை காலடிப் பனி தாங்கவேண்டும். 2022இல் அண்டார்க்டிகாவின் பெல்லிங்ஸ்ஹாசன் கடலோரத்தில் அது தாங்கவில்லை. அங்கிருந்த ஐந்து குடியிருப்புகளில் நான்கில், இறகு முளைக்குமுன்பே பனி உடைந்து போயிற்று. குஞ்சுகள் ஒன்றும் பிழைத்திருக்க வழியில்லை.