புரோலாக் வகுப்புக்கு எந்த மென்பொருள்?

தர்க்க நிரலாக்கம் என்ற பாடம் இளநிலைப் பட்டத்தில் வந்தால், அது பெரும்பாலும் புரோலாக் மொழியாகத்தான் இருக்கும். 1972-இல் பிரான்சின் மார்செய் நகரில் அலேன் கோல்மெராவரும் பிலிப் ரூசெலும் உருவாக்கிய மொழி இது. உண்மைகளையும் விதிகளையும் நாம் எழுதினால் போதும். விடையைக் கணினி தேடிக்கொள்ளும். மொழி ஒன்று, அதை ஓட்டும் மென்பொருள்கள் பல. ஆய்வகத்தில் எதை நிறுவுவது?

வேகத்தை வைத்து முடிவெடுப்பது வீண். மாணவர் எழுதும் பயிற்சிகள் சில வரிகளில் முடிபவை. நிரல் சிக்கிக்கொண்டால் மென்பொருள் என்ன சொல்கிறது என்பதைத்தான் பார்க்கவேண்டும்.

முன்னோர் யார் என்று கண்டுபிடிக்கும் நிரல் எல்லா வகுப்பிலும் வரும். விதியின் தொடக்கத்திலேயே 'முன்னோர்' தன்னையே அழைத்துக்கொண்டால், தர்க்கப்படி பிழையே இல்லை. ஆனால், புரோலாக் இடமிருந்து வலமாகத் தேடுவதால் முடிவில்லாத சுழலில் விழும். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் யான் வீலமேக்கர் 1987-இல் தொடங்கிய எஸ்டபிள்யூஐ-புரோலாக், நினைவக வரம்பைத் தாண்டியதும் நிறுத்தி, எந்த விதி சுழன்றிருக்கக்கூடும் என்றும் காட்டும். கண்ட விடைகளை அட்டவணைப்படுத்தி வைக்கச் சொல்லும் ஒரே வரியைச் சேர்த்தால் அதே நிரல் ஒழுங்காக முடியும். தர்க்கம் வேறு, தேடும் முறை வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் கற்பிக்க முடியாது. இதற்காகவே என் வாக்கு எஸ்டபிள்யூஐ-புரோலாக்குக்கு. (தமிழ்ப் பெயர்களையும் இது ஏற்கும், மாறிகளுக்கு மட்டும் முன்னால் அடிக்கோடு போடவேண்டும், நம் எழுத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து இல்லையே!)

குனு புரோலாக்கும் இலவசம். நிரலைத் தனித்து ஓடும் கோப்பாக மாற்றித் தரும். சுவீடனின் சிக்ஸ்டஸ் தொழில்துறைத் தரம் கொண்டது, ஆனால் உரிமக் கட்டணம் உண்டு.

முதல் வாரத்துக்கு ஸ்விஷ் போதும். அது உலாவி வழியாகவே பயன்படுத்தக்கூடிய எஸ்டபிள்யூஐ-புரோலாக். எதையும் நிறுவ வேண்டாம். பாதுகாப்புக்காகக் கோப்புகளைத் தொடவிடாது, இணையமும் வேண்டும். அதனால் செய்முறைத் தேர்வுக்கு அதை நம்பக்கூடாது.

ஒரு தொல்லை மட்டும் உண்டு. ஏழாம் பதிப்பிலிருந்து இரட்டை மேற்கோளுக்குள் வரும் உரையை எஸ்டபிள்யூஐ தனி வகைத் தரவாகக் கருதுகிறது. பழைய பாடநூல்கள் அதை எழுத்துக் குறியீடுகளின் பட்டியலாகக் கொள்கின்றன. அதனால் நூலில் உள்ள அத்தகைய எடுத்துக்காட்டு வகுப்பில் ஓடாமல் போகலாம். மரபு முறையில் தொடங்கும் விருப்பம் மென்பொருளிலேயே இருக்கிறது. பருவம் தொடங்குமுன் ஆசிரியர் நூலின் பயிற்சிகளை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுவது நல்லது.