கால் இருந்த திமிங்கிலங்கள்

கல்லுக்குள் உயிர் – 9

டார்வினைக் கேலி செய்ய நினைத்தவர்களுக்கு அவரே ஒரு கரடியைப் பிடித்துக் கொடுத்திருந்தார். வட அமெரிக்கக் கருங்கரடி ஒன்று வாயை அகலத் திறந்தபடி மணிக்கணக்கில் நீந்தி, தண்ணீரில் கிடந்த பூச்சிகளைப் பிடித்ததாக ஒரு பயணி எழுதிவைத்த குறிப்பு, 1859இல் வெளியான ‘உயிரினங்களின் தோற்றம்’ முதல் பதிப்பில் வருகிறது. பூச்சி குறையாமல் கிடைத்து, போட்டிக்கு வேறு விலங்கும் இல்லாவிட்டால், இயற்கைத் தேர்வு அந்தக் கரடியினத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தண்ணீருக்குப் பழக்கி, கடைசியில் திமிங்கிலம் போன்ற ஒன்றை உண்டாக்குவதில் தனக்குச் சிரமம் எதுவும் தெரியவில்லை என்றார் டார்வின். சிரித்தார்கள். அடுத்த பதிப்பிலேயே அந்த இடத்தைக் கத்தரித்துவிட்டார்.

கரடி என்றது பிழை. தரையிலிருந்து தண்ணீருக்கு என்றது சரி. ஆனால், அதைக் காட்ட அவர் கையில் எலும்பு இல்லை.

திமிங்கிலம் மீனல்ல என்று அறிய ஆய்வுக்கூடம் வேண்டாம். நுரையீரலால் மூச்சுவிடுகிறது, குட்டிபோட்டுப் பால் கொடுக்கிறது. நீச்சலும் வேறு: மீன் வாலைப் பக்கவாட்டில் வீசும், திமிங்கிலம் மேலும் கீழுமாக அடிக்கும். நாலுகால் பாய்ச்சலில் ஓடும் விலங்கின் முதுகெலும்பும் அப்படித்தான் வளைந்து நிமிர்கிறது. எந்த விலங்கு, எங்கே, எப்போது இறங்கியது என்பதற்குத்தான் டார்வினுக்குப் பிறகு நூறாண்டு கடந்தும் விடை இல்லை.

விடை நம் பக்கத்தில் கிடந்தது. சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்திய நிலத்துண்டு ஆசியாவை முட்டிக்கொண்டிருந்தது. இடையிலிருந்த டெத்திஸ் கடல் சுருங்கி ஆழமற்ற நீர்ப்பரப்பானது. அதன் ஓரத்து ஆறுகளும் கடலும் விட்டுச்சென்ற படிவுகள் இன்று பாகிஸ்தானிலும் ஜம்முவிலும் குன்றுகளாக நிற்கின்றன, கச்சிலும் உண்டு. பாகிஸ்தான் பாறையில் கிடைத்த ஒரு மண்டையோட்டுக்கு 1981இல் பாக்கிசீட்டஸ் என்று பெயரிட்டார்கள் அமெரிக்கரான ஃபிலிப் ஜிஞ்சரிச்சும் அவர் கூட்டாளியும். காதெலும்பின் உள்பக்க விளிம்பு தடித்துப் பருத்திருந்தது. அந்தத் தடிப்பு திமிங்கில இனத்தின் முத்திரை. தலையை மட்டும் வைத்து ஓவியர்கள் அதை நீந்தும் விலங்காக வரைந்தார்கள். பிறகு உடல் எலும்புகள் கிடைத்தபோது பார்த்தால், ஓநாய் அளவு உடலும் நாலு நீளக் காலும்! ஓவியங்களை மாற்ற வேண்டியதாயிற்று.

இதைவிடச் சுவையான கதை ஜம்முவின் காலாகோட் பகுதியிலிருந்து வந்தது. அங்கே புதைபடிவங்களைச் சேகரித்தவர் இந்தியப் புவியியலாளர் ரங்கா ராவ். சில பற்களையும் தாடைத் துண்டுகளையும் வைத்து 1971இல் இண்டோஹையஸ் என்ற சிறு விலங்கை அறிவித்தார். மிச்சக் கற்களை உடைத்துப் பார்க்காமலே அவர் காலம் முடிந்துவிட்டது. அவர் மனைவி அவற்றை டேராடூன் வீட்டில் ஆண்டுக்கணக்கில் காத்துவைத்திருந்து, திமிங்கில ஆய்வாளர் ஹான்ஸ் தெவிஸனிடம் சேர்ப்பித்தார். கல்லைச் சுத்தம் செய்துகொண்டிருந்த உதவியாளர் கை தவறி ஒரு மண்டையோட்டின் காதுப்பகுதியை உடைத்துவிட, உள்ளே அதே தடித்த விளிம்பு. திமிங்கிலத்துக்கு மட்டுமே உரியது என்று நினைத்திருந்த அடையாளம், பூனை அளவே இருந்த ஒரு குளம்பு விலங்கிடம்!

காலெலும்பை அறுத்துப் பார்த்தார்கள். நடுத்துளை சிறுத்து, சுவர் தடித்திருந்தது, நீர்யானைக்கு இருப்பதுபோல. இப்படிக் கனத்த எலும்பு தண்ணீருக்கடியில் உடலை மிதக்கவிடாமல் நிறுத்தும். பல்லில் பதிந்த ஆக்சிஜன் கணக்கும் தண்ணீர் வாழ்க்கையையே காட்டியது. முடிவுகள் 2007இல் வெளியாயின.

தண்ணீரில் அதற்கென்ன வேலை? நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் இருக்கும் சருகுமானின் ஆப்பிரிக்க உறவு ஒன்று தரையில்தான் மேய்கிறது. கழுகோ வேறு எதிரியோ வந்தால் ஓடையில் குதித்து மூழ்கி ஒளிந்துகொள்கிறது. இண்டோஹையஸும் அப்படி ஒளிந்திருக்கலாம் என்பது தெவிஸன் குழுவின் ஊகம். எனக்கு இந்த ஊகம் பிடித்திருப்பதற்குக் காரணம், இயற்கைத் தேர்வை இது சரியாகப் புரியவைக்கிறது. திமிங்கிலமாகலாம் என்று எந்த விலங்கும் தண்ணீரில் இறங்கவில்லை. இன்று பிழைக்க வேண்டும், அவ்வளவுதான். கொஞ்சம் கனத்த எலும்போடு பிறந்தது கொஞ்சம் நன்றாக ஒளிந்தது, குட்டிபோட்டது. ‘பாதிக் கால், பாதித் துடுப்பு வைத்துக்கொண்டு என்ன பிழைப்பு?’ என்று கேட்பவர்கள் நீர்நாயையும் கடல்சிங்கத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம்.

பாகிஸ்தானில் கிடைத்து 1994இல் அறிவிக்கப்பட்ட அம்புலோசீட்டஸ் என்ற பழைய திமிங்கிலம், பெரிய பாதங்களால் தண்ணீரை உதைத்து நீந்தியது. எகிப்தின் பாலைவனத்தில், வாடி அல்-ஹிதான் பள்ளத்தாக்கில், பேசிலோசாரஸ் என்ற இன்னொரு பழைய திமிங்கிலத்தின் எலும்புக்கூடுகள் மணலில் கிடக்கின்றன. 15 மீட்டருக்கும் மேல் நீளம், முழுக்கக் கடல்வாசி. 1990இல் அதன் பின்னங்காலை அறிவித்தார்கள்: தொடை, முழங்கால், கணு, விரல்கள், எல்லாம் சின்னதாக. அந்தக் காலை வைத்துக்கொண்டு அது ஓர் அடிகூட நடந்திருக்க முடியாது.

ஒரு சண்டையையும் சொல்ல வேண்டும். எலும்பு ஆய்வாளர்கள், ஜிஞ்சரிச் உட்பட, அழிந்துபோன ஓர் ஊனுண்ணிக் குலத்தைத் திமிங்கிலத்தின் மூதாதையாக நம்பினார்கள். மரபணு ஆய்வாளர்கள் நீர்யானைதான் நெருங்கிய சொந்தம் என்றார்கள். 2001இல் ஒரே வாரத்தில் இரண்டு குழுக்கள் பழைய திமிங்கிலங்களின் கணுக்கால் எலும்பை வெளியிட்டன. மேலும் கீழும் கப்பி போன்ற பள்ளம் கொண்ட எலும்பு அது. ஆடு, மாடு, மான், பன்றி, நீர்யானை என இரட்டைக் குளம்புக் குலத்துக்கே உரியது. கறிக்கடையில் ஆட்டின் பின்னங்காலைத் துண்டுபோடும்போது கணுவில் கிடைப்பதும் இதுதான். ஒரு குழுவுக்குத் தலைவர் ஜிஞ்சரிச்சே. தன் பழைய கருத்தைக் கைவிட்டார்.

பாடநூல்கள் இந்த விலங்குகளை வரிசையாக நிறுத்தித் தாத்தா, அப்பா, பேரன் என்பதுபோல் படம் போடுவது எனக்கு உடன்பாடில்லை. இண்டோஹையஸ் பாக்கிசீட்டஸுக்கு மூத்ததே அல்ல, கிட்டத்தட்ட சமகாலத்தது. இவை பங்காளிகள். எந்தக் காலத்தில் எந்த மாதிரி உடம்புகள் உலவின என்பதைத்தான் இவை சொல்கின்றன. இயற்கைத் தேர்வையும் கல்லில் நேரடியாகக் காண முடியாது. ஒவ்வோர் உடம்பும் அதனதன் இடத்தில் எப்படி வேலை செய்தது என்று பார்த்துத்தான் அதை ஊகிக்கிறோம். ஆனால், கால் இருந்த மூதாதைகளுக்கு உயிருள்ள சாட்சியும் உண்டு. டால்பின் கருவில் பின்னங்கால் மொட்டு முளைத்து, சில வாரங்களில் மறைந்துவிடுகிறது. 2006இல் ஜப்பானின் தைஜி கடலில் பிடிபட்ட டால்பினுக்கு அது மறையாமல், பின்பக்கம் ஒரு ஜோடித் துடுப்பாகவே நின்றிருந்தது.

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பெரிய திமிங்கில எலும்புக்கூடு ஒன்று இருக்கிறது. அடுத்த முறை பிள்ளைகளோடு போனால், ‘எவ்வளவு பெரிசு!’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். முன்துடுப்பின் அருகே நின்று பாருங்கள். தோளுக்குக் கீழே ஓர் எலும்பு, அதற்கடுத்து இரண்டு, பிறகு விரல்கள். பிள்ளைகளைத் தங்கள் கையைத் தடவிக்கொண்டே எண்ணச் சொல்லுங்கள்.

(தொடரும்)