பணியும் பரிசுப் புள்ளியும்

ஐதராபாத்தில் நாச்சாரத்தை அடுத்துள்ள மல்லாபூரில் நான் குடியிருக்கிறேன். ஆலைக் கொட்டகைகளும் அடுக்குமாடி வீடுகளும் அருகருகே நிற்கும் பகுதி அது. எங்கள் மேல்மாடியில் திருநெல்வேலிப் பக்கத்து இளைஞர் ஒருவர் இருக்கிறார். கணினி நிறுவனம் ஒன்றில் வேலை. வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தபடியே அலுவல் பார்ப்பவர். ஒரு நாள் மாலை அவரைக் காணச் சென்றபோது, திரையில் ஒரு கட்டத்தை அவர் தொட்டார். உடனே நெற்றியில் ஒற்றைக் கொம்புடைய வண்ணக் குதிரை ஒன்று திரையின் குறுக்கே பறந்து மறைந்தது.

"ஒரு வேலை முடிந்துவிட்டது அண்ணாச்சி, அதற்குத்தான் இந்தக் குதிரை" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. எனினும், கோப்பு முடிந்து மேசையை விட்டு அகலும்போது எனக்காக ஒரு குதிரையும் இதுவரை பறந்ததில்லையே என்ற எண்ணமும் உடன் வந்தது.

அவர் பயன்படுத்துவது ஆசானா என்னும் அமெரிக்கத் தளம். இத்தகைய தளம் என்பது ஒரு பொதுப்பலகை போன்றது. பல ஊர்களில் இருப்போர் கூடிச் செய்யும் பெருவேலையைச் சிறு வேலைகளாகப் பகுத்து, இன்ன வேலை இன்னாருக்கு, இன்ன நாளுக்குள் என்று அதில் குறித்துவைப்பர். அவரவர் தம் பங்கை முடித்தவுடன் அதனைக் குறிக்க, ஏனையோர் காண்பர். இந்தப் பலகையோடு புள்ளி, பதக்கம், படிநிலை, முன்னணிப் பட்டியல் முதலிய ஆட்டக்கூறுகளைச் சேர்ப்பதற்கு விளையாட்டாக்கம் என்று பெயர். ஆங்கிலத்தில் இதற்குரிய சொல்லை 2002-ஆம் ஆண்டில் நிக் பெல்லிங் என்னும் பிரிட்டானிய நிரலாளர் ஆக்கினார் என்பர். 2010-ஐ ஒட்டியே அது பரவலாயிற்று.

பெயர் புதிது, செய்கை புதிதன்று. வைகுண்ட ஏகாதசி இரவில் நம் வீடுகளில் பரமபதம் ஆடுவதன் காரணம் யாது? ஏணியில் ஏறுவதோ பாம்பில் இறங்குவதோ அன்று. விடியும்வரை கண்விழித்திருப்பதே வேண்டிய செயல். உறக்கம் மேலிடும் வேளையில் அச்செயலைத் தாங்கிப் பிடிக்கவே சோழி உருட்டினர். ஆட்டம் பணியாளாகவும் விரதம் தலைவனாகவும் இருந்த வரையில் இரண்டும் நன்றாக நடந்தன.

நம் சென்னையிலேயே இதற்கு நல்ல சான்று உண்டு. கிரீஷ் மாத்ருபூதம் முதலியோர் 2010-ல் அங்குத் தொடங்கிய நிறுவனம் ஃபிரெஷ்டெஸ்க். 2017-ல் ஃபிரெஷ்வொர்க்ஸ் எனப் பெயர் மாற்றிக்கொண்டு, 2021-ல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பெற்ற நிறுவனம் அதுவே. வாடிக்கையாளரின் குறைகளைப் பெற்று, ஊழியரிடையே பகிர்ந்து, தீர்க்கும் வரை தொடர்ந்து கண்காணிக்க உதவுவது அதன் முதற்படைப்பு. அதில் 'ஆர்க்கேட்' என்னும் ஆட்டப் பகுதியைச் சேர்த்தனர். குறையை விரைந்து தீர்த்தால் புள்ளி கூடும். காலம் கடத்தினால் குறையும். முதல் மறுமொழியிலேயே தீர்த்தால் மிகுதிப் புள்ளி. வாடிக்கையாளர் மகிழ்ந்தால் ஏற்றம், முகம் சுளித்தால் இறக்கம். பரமபதத்தின் ஏணியும் பாம்பும் இதில் அப்படியே அமைந்திருப்பதைக் காணலாம்.

இத்தகைய ஏற்பாடு எதனால் பயன் தருகிறது? உழவர் மாலையில் நெற்குவியலைக் காண்கிறார். தச்சர் தாம் இழைத்த பலகையைத் தடவிப் பார்க்கிறார். அலுவலகத்தில் உழைப்போருக்கு அந்தக் காட்சி இல்லை; ஒரு கோப்பு போனால் மற்றொன்று வரும். எவ்வளவு தொலைவு வந்தோம் என்பதைக் கண்ணுக்குக் காட்டுவது மட்டுமே புள்ளியின் வேலையாக இருக்குமாயின், அது பெரும் உதவி. இடர்ப்பாடு தொடங்குவது வேறிடத்தில்.

நான் முன்பு பணிபுரிந்த ஓர் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பு வேலைகளை இணையத் தளம் ஒன்றின் வழியே பகிரத் தலைப்பட்டனர். முடித்த கோப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. மாத இறுதியில் பெயர்ப்பட்டியல். மூன்றே வாரத்தில் நேர்ந்ததைக் கேளுங்கள். ஈரடி விடுப்பாணைகளும் மூன்று வரி அறிவிப்புகளும் வந்த மாத்திரத்தில் மறைந்தன. நூறு பக்க ஆண்டறிக்கை தொடுவாரின்றிக் கிடந்தது. அதனைப் பொறுப்புணர்வோடு எடுத்த முதிய நண்பர் பட்டியலின் அடியில் கிடந்தார். நானும் சிற்றாணைகளைப் பொறுக்கியவனே. ஒரு மாதம் முதலிடமும் பெற்றேன். மகிழ்ந்தேன் என்பதையும் மறைப்பதற்கில்லை. மறுநாள் அவரோடு அமர்ந்து தேநீர் அருந்த மட்டும் என்னால் இயலவில்லை. பிறகு கோப்புக்குப் பதிலாகப் பக்கத்தை எண்ணினர். எண்கள் நிறைந்த அட்டவணைப் பக்கங்களுக்கு உடனே கிராக்கி ஏற்பட்டது. சில மாதங்களில் பட்டியலே கைவிடப்பட்டது.

உலகப் புகழ் பெற்ற தளங்களும் இதற்கு விலக்கல்ல. மென்பொருள் ஆக்குவோர் கூடி உழைக்கும் கிட்ஹப் தளத்தில், ஒருவர் எத்தனை நாள் இடைவிடாது பங்களித்தார் என்னும் எண் முன்னர்க் காட்டப்பட்டு வந்தது. ஒரு நாள் தவறினாலும் எண்ணிக்கை பூச்சியத்திலிருந்து தொடங்கும். 2016 மே மாதம் அந்த எண்ணை நீக்கினர். அதன்பின் நிகழ்ந்ததை ஆராய்ந்து 2021-ல் வெளியான ஆய்வொன்று, நெடுநாள் தொடர்கள் சட்டெனக் குறைந்தன என்று காட்டியது. வார இறுதி நாள்களில் செய்த வேலையும், பெயருக்கு ஒன்றே ஒன்று செய்து நாளைக் கழித்த வழக்கமும் குறைந்தன. அத்தனை ஞாயிறுகளிலும் அவர்களைக் கணினி முன் அமர்த்தியது வேலையின்பால் கொண்ட பற்று மட்டுமன்று, ஓர் எண்ணும்தான் என்பது புலனாகிறது.

இதனினும் வேடிக்கையானது ஹாக்டோபர்ஃபெஸ்ட். டிஜிட்டல் ஓஷன் நிறுவனம் 2014 முதல் ஆண்டுதோறும் அக்டோபரில் நடத்தும் விழா அது. 2020-ல், பொது மென்பொருளுக்கு நான்கு திருத்தங்கள் அனுப்பினால் ஒரு சட்டை இலவசம் என்றிருந்தது. பிறர் எழுதி வைத்த விளக்கக் குறிப்பில் தேவையற்ற ஒரு சொல்லைச் சேர்த்து, அதனையே திருத்தம் என அனுப்பியோர் பெருகினர். திட்டங்களைப் பேணும் தன்னார்வலர் அவற்றைக் களைந்தே களைத்தனர். விழா நடக்கும்போதே விதியை மாற்றி, இசைவு தெரிவித்த திட்டங்களுக்கு மட்டுமே பங்களிக்கலாம் என்றாக்கினர். 2023-ல் சட்டையும் நின்றது.

இனி நம் மொழிக்கு வருவோம். தமிழ் விக்கிப்பீடியா 2003-ல் தொடங்கியது. ஊதியமின்றி ஊர் ஊராக இருப்போர் கூடி எழுதும் கலைக்களஞ்சியம் அது. 2018-ல் இந்திய மொழி விக்கிப்பீடியாக்களுக்கிடையே வேங்கைத் திட்டம் என்னும் போட்டி நடைபெற்றது. அவ்வாண்டு பஞ்சாபி முதலிடமும் தமிழ் இரண்டாமிடமும் பெற்றன. 2019 அக்டோபரில் தொடங்கிய இரண்டாம் போட்டியில் தமிழ் முதலிடம் பெற்றது. ஒரு கட்டுரை 300 சொற்களுக்குக் குறையலாகாது. நடுவர் பார்த்து ஏற்றாலன்றிக் கணக்கில் சேராது. அந்த நடுவர்தாம், நான் மேலே சொன்ன அலுவலகப் பட்டியலில் இல்லாதவர்.

மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் இங்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. "வந்துகொண்டிருந்தபோது" என்று நாம் ஒரே சொல்லாக எழுதுவதை இந்தியில் "ஜப் வஹ் ஆ ரஹா தா" என ஐந்து சொற்களில் எழுதுவர். 300 சொல் என்னும் ஒரே அளவுகோல் இரு மொழிக்கும் ஒரே சுமையன்று. முந்நூற்றை எட்டத் தமிழர் மிகுதியாகவே எழுதியாக வேண்டும். எந்தப் புள்ளி முறையிலும் எதனை எண்ணுகிறோம் என்பதற்குள் இப்படியொரு ஓரவஞ்சனை ஒளிந்திருக்கக் கூடும்.

விக்கிப்பீடியாவின் உடன்பிறப்பு விக்கிமூலம். நாட்டுடைமையாக்கப்பட்ட தமிழ் நூல்கள் பல அங்கே பக்கம் பக்கமாகப் படிமமாக ஏற்றப்பட்டுள்ளன. இயந்திரம் எழுத்துகளைப் படித்துத் தரும். பிழைகளை மனிதர் நீக்க வேண்டும். திருத்தப்படாத பக்கம் சிவப்பு. ஒருவர் மெய்ப்புப் பார்த்தால் மஞ்சள். மற்றொருவர் சரிபார்த்தால் பச்சை. மஞ்சளாக்கியவரே பச்சையாக்க இயலாது. ஆகவே முந்துவதற்கு இங்கு இடம் குறைவு, காத்திருப்பதற்கே இடம் மிகுதி. தில்லியில் ஒருவர், புனேயில் ஒருவர், மல்லாபூரில் ஒருவர் என, முகமறியாதார் மூவர் ஒரே நூலில் உழைக்கலாம். நம்மைப் போல் பிற மாநிலங்களில் வாழ்வோருக்கு, பிள்ளைகள் தெலுங்கும் இந்தியும் ஆங்கிலமும் கலந்து பேசும் வீட்டில், நாளுக்கு ஒரு பக்கம் நல்ல தமிழைக் கருத்தூன்றிப் படிக்கும் வாய்ப்பு இது. எனக்குத் தெரிந்த எந்த ஆட்டக்கூறும் இந்த மூன்று வண்ணங்களைப் போல் எளிமையாக இல்லை.

மௌலாலியில் வாழும் நண்பர் ஒருவர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். 1966-ல் தென்மத்திய ரயில்வே சிகந்தராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்த பின்னர் இவ்வூருக்கு வந்த தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவர். காலைக் காப்பிக்குப் பின் இரண்டு பக்கம் மெய்ப்புப் பார்ப்பது அவர் வழக்கம். சென்ற ஞாயிறன்று நான் போயிருந்தபோது, பல மாதங்களுக்கு முன்பு அவர் மஞ்சளாக்கிய பக்கம் பச்சையாகியிருந்தது. யார் செய்தது என்று பார்த்தோம். புனைபெயர் ஒன்று இருந்தது, ஊர் தெரியவில்லை. அவர் திருத்திய ஓர் ஒற்றெழுத்தை மட்டும் அந்த முகமறியாதவர் மீண்டும் மாற்றியிருந்தார். நண்பர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூலப் படிமத்தை நெடுநேரம் உற்றுப் பார்த்தார்.

"அவர் சொல்வதுதான் சரி" என்று கூறி, அடுத்த பக்கத்தைத் திறந்தார்.