உள்ளிருந்து பூட்டும் கதவு
ஆஸ்பத்திரியின் மறுபக்கம் – 11

2008 நவம்பர் 26 இரவு. மும்பை சி.எஸ்.டி. ரயில் நிலையத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களைச் சுட்டுக் கொன்ற பயங்கரவாதிகள் கசாபும் இஸ்மாயிலும் அங்கிருந்து நடந்தே வந்து, காமா ஆஸ்பத்திரியின் பின்பக்க கேட்டை ஏறிக் குதித்தார்கள். காமா, பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான பழைய அரசு மருத்துவமனை. காவலாளிகள் இருவர் கீழேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். முதல் மாடியில் கர்ப்பிணிகள் வார்டில் அன்று நைட் டியூட்டி பார்த்தவர் அஞ்சலி குல்தே. அவர் பொறுப்பில் 20 கர்ப்பிணிகள் இருந்தார்கள்.

கீழே நடந்ததை ஜன்னல் வழியே அவர் பார்த்துவிட்டார். ஜன்னலைத் துளைத்து வந்த ஒரு குண்டு, உடன் வேலை பார்த்த உதவியாளர் பெண்ணின் மீது பாய்ந்தது. அஞ்சலி வார்டின் கனத்த கதவுகளை இழுத்துச் சாத்தினார். விளக்குகளை அணைத்தார். நிறைமாதத்தில் இருந்தவர்கள் உட்பட இருபது பேரையும் வார்டை ஒட்டிய சின்ன உணவறைக்குள் நகர்த்தினார். அந்த நேரத்தில்தான் ஒருவருக்குப் பிரசவ வலி கண்டது. ரத்த அழுத்தம் வேறு. மேலே வெடிச்சத்தம் கேட்டுக்கொண்டிருக்க, இருட்டில் சுவரைப் பிடித்தபடி அந்தப் பெண்ணைப் பிரசவ அறைக்குக் கூட்டிப்போய்ச் சேர்த்தார். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. 2022 டிசம்பரில் ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் கூட்டத்தில் அந்த இரவைப் பற்றி அவரே பேசினார்.

அவருடைய துணிச்சலை எவ்வளவு போற்றினாலும் தகும். ஆனால் அந்த வார்டுக்குச் சாத்தக்கூடிய கனமான கதவு இருந்தது, பக்கத்தில் ஒளிந்துகொள்ள ஓர் அறை இருந்தது. இந்த இரண்டும் இல்லாத வார்டில் அதே துணிச்சல்காரர் என்ன செய்திருப்பார்?

நம் ஆஸ்பத்திரிகளின் கதவுகளைக் கவனித்துப் பாருங்கள். ஸ்ட்ரெச்சர் தடையின்றிப் போய்வர வேண்டும் என்பதற்காக, இரண்டு பக்கமும் தள்ளினால் திறக்கும்படி அமைத்திருப்பார்கள். பெரும்பாலும் உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்காது. இருக்கிற கிரில் கேட்டுக்கோ வெளியில்தான் பூட்டு. சாவி வாட்ச்மேன் இடுப்பில். திருட்டுக்கும் கூட்டத்துக்கும் பயந்து போட்ட பூட்டு அது. உள்ளே இருப்பவர் தன்னைக் காத்துக்கொள்ள அது உதவாது.

துப்பாக்கிச் சூடு அடிக்கடி நடக்கும் அமெரிக்காவில் பொதுமக்களுக்குச் சொல்லித் தருவது மூன்று சொற்கள்: ஓடு, ஒளி, போராடு. அலுவலகத்துக்கும் கடைக்கும் அது சரி. வயிற்றைத் திறந்து வைத்திருக்கும் ஆபரேஷன் தியேட்டரில் யார் ஓடுவது? வென்டிலேட்டரில் இருப்பவரை எங்கே ஒளிப்பது? இந்தக் கேள்வியை 2018இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் அறுவை மருத்துவர்கள் நால்வர் நேராக எடுத்துப் பேசினார்கள். நகர்த்த முடியாத நோயாளிகள் இருக்கும் இடங்களுக்கு வேறு வழிமுறை வேண்டும் என்றார்கள். முதலில் இடத்தை அடைத்துப் பாதுகாப்பாக்கு, அடுத்து நோயாளியின் உயிரையும் உன் உயிரையும் காப்பாற்று, வேறு வழியே இல்லை என்றால் மட்டும் எதிர்த்து நில். ஐ.சி.யூ., தியேட்டர், அவசர சிகிச்சைப் பிரிவு எல்லாவற்றுக்கும் உள்ளிருந்து பூட்டும் கதவு வேண்டும், ரத்தப்போக்கை நிறுத்தும் சாமான்கள் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதத்தின் உயிர்நாடி. ஆஸ்பத்திரியில் கட்டுத்துணிக்கா பஞ்சம் என்று தோன்றும். ஸ்டோர் ரூம் பூட்டியிருக்கிற இரவில், தாழ்வாரத்தின் மறுகோடிக்குப் போக முடியாத நிலையில், வார்டு அலமாரியில் இருப்பதுதான் கணக்கு.

நம் ஊரில் ஆபத்து பெரும்பாலும் துப்பாக்கியோடு வருவதில்லை. 2023 மே 10 விடிகாலையில் கேரளத்தின் கொட்டாரக்கரா தாலுகா மருத்துவமனைக்கு, காலில் காயத்தோடு ஒருவரைப் போலீஸார் கூட்டி வந்தார்கள். அவர் கைதி அல்ல. உதவி கேட்டுப் போலீஸை அழைத்தவரே அவர்தான். காயத்துக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தபோது வெறி பிடித்தவராக மாறி, அங்கிருந்த கத்தரிக்கோலை எடுத்துக் கண்டவர்களையெல்லாம் குத்தினார். அங்கிருந்தவர்கள் சிதறி ஓடினார்கள். 23 வயது பயிற்சி மருத்துவர் வந்தனா தாஸால் தப்ப முடியவில்லை. குத்துப்பட்டுத் திருவனந்தபுரம் கொண்டுபோகப்பட்டவர் அங்கே இறந்தார். ஆயுதம் வெளியிலிருந்து வரவில்லை, டிரெஸ்ஸிங் ட்ராலியில் இருந்தது. வாசலில் மெட்டல் டிடெக்டர் வைத்திருந்தாலும் அது பிடிபட்டிருக்காது. இரவில் போலீஸ் கூட்டிவரும் ஆளுக்குத் தனி அறை, அந்த அறையில் வெளியே கிடக்காத கத்தரிக்கோல், மருத்துவர் வெளியேற இரண்டாவது வழி: இவையெல்லாம் கட்டடப் பொறியாளரும் தலைமைச் செவிலியரும் உட்கார்ந்து பேசினால் முடிகிற காரியம்.

2024 நவம்பர் 13 அன்று சென்னை கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் ஒருவரைக் கத்தியால் குத்தியவர், அங்கே சிகிச்சை பெற்ற நோயாளியின் மகன். பணியில் இருந்த மருத்துவரைப் பட்டப்பகலில் குத்தினார். நல்லவேளை, மருத்துவர் பிழைத்தார். அந்தச் செய்தியைப் படித்ததிலிருந்து, எந்த ஓ.பி. அறைக்குள் போனாலும் மேஜை எப்படிப் போடப்பட்டிருக்கிறது என்றுதான் என் கண் போகிறது. டாக்டரின் முதுகுக்குப் பின்னால் சுவர், முன்னால் மேஜை, மேஜைக்கு அப்பால் நோயாளி, நோயாளிக்குப் பின்னால் அறையின் ஒரே கதவு. மேஜையைத் திருப்பி, டாக்டரின் நாற்காலி கதவுக்கு அருகில் வரும்படி போடலாமே! ஒரு பைசா செலவில்லை. இதற்கு எந்த அரசாணையும் வேண்டாம்.

சட்டத்துக்கு நம்மிடம் குறைவில்லை. மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவோரைத் தண்டிக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 2008லிருந்து இருக்கிறது. கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் பெண் மருத்துவர் கொல்லப்பட்ட கொடூரத்துக்குப் பிறகு, தாக்குதல் நடந்த 6 மணி நேரத்துக்குள் மருத்துவமனைத் தலைமை போலீஸில் புகார் பதிய வேண்டும் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2024 ஆகஸ்டில் உத்தரவு போட்டது. தேவைதான். ஆனால் அந்த 6 மணி நேரம் தொடங்குவதே எல்லாம் நடந்து முடிந்த பிறகு. உயிர் பிழைப்பது முதல் சில நிமிடங்களில் தீர்மானமாகிவிடுகிறது.

பூட்டைப் பற்றிப் பேசும்போது தீயணைப்புத் துறையினர் ஓர் எச்சரிக்கை சொல்வார்கள்: தீப்பிடித்தால் அதே பூட்டு உள்ளே இருப்பவர்களைச் சிக்கவைத்துவிடும். அதை அலட்சியப்படுத்தக் கூடாது. 2011 டிசம்பரில் கொல்கத்தா ஆம்ரி மருத்துவமனைத் தீ விபத்தில் ஏறத்தாழ 90 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் புகையில் மூச்சுத் திணறிப் போன நோயாளிகள். எனவே உள்பக்கத் தாழ்ப்பாள், வெளியாள் திறக்க முடியாததாகவும், உள்ளிருந்து சாவி தேடாமல் ஒரே அசைவில் திறப்பதாகவும் இருக்க வேண்டும். சங்கிலியும் நவ்தால் பூட்டும் இதற்கு ஆகவே ஆகாது.

இன்னொரு விஷயம், ஒலிபெருக்கி. அமெரிக்க மருத்துவமனைகள் பலவற்றில் ஆயுதத்தோடு ஆள் புகுந்தால் ‘கோட் சில்வர்’ என்று அறிவிப்பார்கள். ஊழியர்களுக்கு அது புரியும். சாப்பாட்டுக் கேரியரோடு படியேறிக்கொண்டிருக்கும் பாட்டிக்குப் புரியுமா? அங்கேயே இப்போது பலர், ரகசியச் சொல் வேண்டாம், புரியும் மொழியில் நேராகச் சொல்லிவிடுங்கள் என்கிறார்கள். நம் அரசு மருத்துவமனைகளில் ஒரு கட்டிலுக்கு ஒரு நோயாளி என்றால், கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருப்பவரும் ஒருவர் உண்டு. “இரண்டாம் மாடியில் ஆபத்து. யாரும் மாடிக்கு வராதீர்கள். வார்டுக்குள் இருப்பவர்கள் கதவைச் சாத்துங்கள்” என்று தமிழில் சொன்னால் போதும். அந்த அறிவிப்பைச் செய்ய யாருடைய அனுமதிக்கும் காத்திராத அதிகாரத்தை, டியூட்டியில் இருக்கும் சிஸ்டருக்கே கொடுத்துவிட வேண்டும். இரவு இரண்டு மணிக்கு நிலைய மருத்துவ அலுவலரைப் போனில் பிடித்து ஒப்புதல் வாங்குவது நடக்கிற காரியமில்லை.

இத்தகைய ஆபத்துக்கான ஒத்திகையை டாக்டர்களுக்கு மட்டும், பகல் பதினொரு மணிக்கு, செமினார் ஹாலில் பவர்பாயின்ட் போட்டு முடித்துவிடுகிறார்கள். இரவில் வார்டில் இருப்பவர்கள் ஒரு நர்ஸ், ஓர் ஆயாம்மா, ஒரு ஒப்பந்தக் காவலாளி. ஒத்திகை அவர்களுக்கு, அவர்கள் வார்டில், அவர்கள் ஷிப்டில் நடக்க வேண்டும். முன்கூட்டிச் சொல்லி, நோயாளிகளைப் பயமுறுத்தாமல், பத்து நிமிடம். கதவைச் சாத்துவது யார், நடக்க முடிந்தவர்களை எந்த அறைக்குக் கூட்டிப்போவது யார், வென்டிலேட்டர் நின்றால் கையால் சுவாசம் தரும் ஆம்பு பையை அழுத்துவது யார், நூறுக்கு அடிப்பது யார் என்று ஆளுக்கொரு வேலை பேர் சொல்லிப் பிரித்துத் தர வேண்டும். ஏஜென்சி மாறிக் காவலாளி புதிதாக வந்தால், அந்த வாரமே மறுபடியும் ஒருமுறை செய்து பார்க்க வேண்டும்.

(தொடரும்)