மெய்நிகர் கணினிகளின் நேரடிச் சேமிப்பக அணுகல்வழிக் காப்பு நகல்: தோல்விக் காரணங்களும் தீர்வுநெறியும்

ஆய்வுச் சுருக்கம்

மெய்நிகர் கணினிகளுக்குக் காப்பு நகல் எடுக்கும் முறைகளுள் ஒன்று நேரடிச் சேமிப்பக அணுகல் ஆகும். இம்முறை தோல்வியுறும்போது காப்பு மென்பொருளைக் குறைகூறுவதும், அமைப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதும் வழக்கமாக உள்ளன. தோல்வி எந்த நிலையில் நேர்ந்தது என்பதை முதலில் வரையறுத்த பின்னரே திருத்தத்தில் இறங்க வேண்டும் என்பதை இக்கட்டுரை விஎம்வேர் வீஸ்பியர் சூழலை முன்வைத்து விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மெய்நிகர் கணினி, காப்பு நகல், சேமிப்பகப் பிணையம், கணநிலைப் பதிவு, மீட்பு.

முன்னுரை

ஒரு மெய்நிகர் கணினியின் வட்டு, சேமிப்பகத்தில் உள்ள ஒரு கோப்பாகவே அமைகிறது. அக்கோப்பைப் படிக்க இயன்றால் அக்கணினி முழுவதையும் நகலெடுக்கலாம். இதற்கான இடைமுகத்தை விஎம்வேர் நிறுவனம் 2009ஆம் ஆண்டு வெளியிட்ட வீஸ்பியர் 4 பதிப்புடன் அறிமுகப்படுத்தியது. இவ்விடைமுகம் சேமிப்பகப் பிணையம்வழி நேரடியாகப் படித்தல், வட்டை மற்றொரு மெய்நிகர் கணினியில் இணைத்துப் படித்தல், உள்ளகப் பிணையம்வழிப் படித்தல் எனப் பல வழிகளைத் தருகிறது. இவற்றுள் முதலாவது, உள்ளகப் பிணையத்திற்கும் மெய்நிகர் கணினிகளை இயக்கும் ஓம்புநர் கணினிகளுக்கும் மிகக் குறைந்த சுமையையே தருவது. அதேவேளை, முன்னேற்பாடுகள் மிகுதியும் வேண்டுவது.

செயல்படும் முறை

காப்புச் சேவையகம் முதலில் வீசென்டர் மேலாண்மைச் சேவையகத்தைத் தொடர்பு கொள்கிறது. மெய்நிகர் கணினிக்கு ஸ்னாப்ஷாட் எனப்படும் கணநிலைப் பதிவு எடுக்கப்படுகிறது. அதன்பின் எழுதப்படுபவை தனிக்கோப்பிற்குச் செல்வதால் மூலவட்டு மாறாமல் நிற்கிறது. அவ்வட்டின் தரவுத் தொகுதிகள் சேமிப்பகத்தில் எவ்விடங்களில் உள்ளன என்ற பட்டியல் காப்புச் சேவையகத்திற்குக் கிடைக்கிறது. அப்பட்டியலைக் கொண்டு அச்சேவையகம் ஃபைபர் சானல் அல்லது ஐஸ்கசி வழியாகத் தானே தரவைப் படிக்கிறது. இறுதியில் கணநிலைப் பதிவு நீக்கப்படுகிறது.

நூலகர் தரும் அடுக்கு எண்ணைப் பெற்றுக்கொண்டு, வாசகரே உள்ளே சென்று நூலை எடுப்பதற்கு இதனை ஒப்பிடலாம். எண் சரியாக இருந்தும் அறைக்குள் நுழைய இசைவு இல்லையெனில் நூல் கிட்டாது. எனவே ஆணை செல்லும் வழியும் தரவு வரும் வழியும் வேறுவேறு என்பது இங்கு அடிப்படையாகிறது.

தோல்வியின் இடத்தை அறிதல்

தோல்வியுற்ற அதே மெய்நிகர் கணினியை உள்ளகப் பிணையம்வழி நகலெடுத்துப் பார்ப்பது பயன்மிக்க முதற்சோதனை ஆகும். அது வெற்றி பெற்றால் வீசென்டர் தொடர்பும் கணநிலைப் பதிவும் செம்மையாக உள்ளன. குறை நேரடித் தரவு வழியில் உள்ளது எனத் துணியலாம். அதுவும் தோல்வியுற்றால் குறை அதற்கு முந்தைய நிலையில் இருக்கவே வாய்ப்பு மிகுதி. வீசென்டர் கணக்கிற்குப் போதிய உரிமை இன்மை, டேட்டாஸ்டோரில் இடமின்மை, முன்பு நீக்கப்படாது எஞ்சிய கணநிலைப் பதிவுகள், கணநிலைப் பதிவை ஏற்காத தனித்த வட்டு வகை ஆகியவற்றை அப்போது ஆராய வேண்டும்.

தரவு வழிக் குறைகள்

முதலாவது, காணாமை. டேட்டாஸ்டோர் அமைந்துள்ள சேமிப்பு அலகு, ஓம்புநர் கணினிகளுக்கு மட்டுமன்றிக் காப்புச் சேவையகத்திற்கும் புலப்பட வேண்டும். ஃபைபர் சானலில் மண்டலப் பகுப்பும், சேமிப்பகத்தின் அணுகல் பட்டியலும், ஐஸ்கசியில் தொடங்கியின் பெயரும் கடவுச்சான்றும் சரிபார்க்கப்பட வேண்டும். புதிய சேமிப்பு அலகைச் சேர்க்கும்போது காப்புச் சேவையகத்தை விட்டுவிட்டால், அவ்வலகிற்கு இடம்பெயர்ந்த கணினிகளின் நகல் மட்டும் தோல்வியுறும். நேற்றுவரை வெற்றி பெற்ற பணி இன்று தோற்பதற்கு இவ்விடமாற்றமும் ஒரு காரணம் ஆகலாம். ஒரு கணினியின் வட்டுகள் இரு டேட்டாஸ்டோர்களில் இருப்பின் இரண்டும் புலப்பட வேண்டும்.

இரண்டாவது, பொருந்தாமை. என்.எஃப்.எஸ். பகிர்வு, விசான், ஓம்புநரின் உள்வட்டு ஆகியவற்றில் உள்ள கணினிகளுக்கு இவ்விடைமுகத்தின் நேரடி வழி பொருந்தாது. இங்கு அமைப்புகளைத் திருத்துவதால் பயனில்லை. வேறு வழியைத் தேர்வதே முறை.

மூன்றாவது, உரிமையின்மை. வட்டை நேரடியாகத் திறக்கக் காப்பு மென்பொருளின் சேவைக்கு விண்டோஸில் நிருவாகி உரிமையும், லினக்ஸில் ரூட் உரிமையும் தேவை.

வெற்றி எனத் தோன்றும் தோல்வி

பல வழிகளுக்கு இசைவு தரப்பட்டிருப்பின், நேரடி வழி கிட்டாதபோது மென்பொருள் உள்ளகப் பிணையத்திற்கு மாறிக்கொள்ளும். அறிக்கையில் வெற்றி என்றே பதிவாகும். ஆனால் தரவு முழுவதும் ஓம்புநரின் 902ஆம் துறை வழியாகச் செல்ல, இரவுக்குள் முடிய வேண்டிய பணி பகலிலும் நீளலாம். ஆகவே பணியின் முடிவை மட்டுமன்றிப் பயன்பட்ட வழியையும் பதிவேட்டில் காண்பது இன்றியமையாதது.

திருத்தத்தில் உள்ள இடர்

விண்டோஸ் காப்புச் சேவையகத்திற்குச் சேமிப்பு அலகைப் புலப்படுத்தும்போது, வட்டு மேலாண்மைக் கருவி அதனை அறிமுகமற்ற வட்டாகக் கருதித் தொடக்கநிலைப்படுத்த இசைவு கோரலாம். அதற்கு இசைவது, அவ்வலகில் உள்ள அனைத்து மெய்நிகர் கணினிகளையும் அழிவுக்கு உள்ளாக்கும். நகலெடுக்கச் செய்யும் முயற்சியே மூலத்தை அழிக்கும் இடம் இதுவாகும். எனவே புலப்படுத்தும் முன்னரே டிஸ்க்பார்ட் கருவியில் பகிர்வட்டுகளை இணையாநிலையில் வைக்கும் கொள்கையை அமைத்து, தானியங்கி ஏற்றத்தையும் நிறுத்த வேண்டும். சேமிப்பகம் இடமளிப்பின் படிப்புரிமை மட்டும் வழங்குவது மேலும் பாதுகாப்பானது.

இவ்வேற்பாட்டின் மறுபக்கமும் கருதத்தக்கது. இணையாநிலையில் உள்ள வட்டைப் படிக்கலாம்; ஆனால் அதே வழியில் மீட்க எழுத்துரிமை வேண்டும். ஆதலின் நகல் வெற்றி பெற்றும் மீட்பு தோற்கலாம். மீட்பிற்கு உள்ளகப் பிணைய வழியை முன்கூட்டியே வரையறுத்து வைப்பது தக்கது.

முடிவுரை

• ஆணை வழியையும் தரவு வழியையும் பிரித்தறிவதே குறைகாண்டலின் முதற்படி.
• காணாமை, பொருந்தாமை, உரிமையின்மை என்னும் மூன்றும் தரவு வழியில் முதலில் ஆராயத்தக்கன.
• வெற்றி அறிக்கை, நேரடி வழி இயங்கியதற்குச் சான்றாகாது.
• சேமிப்பு அலகைப் புலப்படுத்தும் முன் எழுத்துக்காப்பு அமைதல் வேண்டும்.
• குறித்த கால இடைவெளியில் செய்யப்படும் மீட்புச் சோதனையே காப்பு நகலின் மெய்ம்மையை உறுதிசெய்யும்.