சுடாமல் வென்றவர்

துப்பாக்கியை ஏந்தி ஒருவரையொருவர் சுட்டு ஆடும் விளையாட்டு என்றதும் பெற்றோர் முகம் சுளிப்பது இயல்பே. எனினும், பெயிண்ட்பால் எனப்படும் அவ்விளையாட்டு பிறந்த நாளன்று நடந்ததைக் கேட்டால் அவர்கள் வியப்படையக்கூடும்.

1981-ஆம் ஆண்டு ஜூன் 27-ஆம் நாள், அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், ஹெனிக்கர் என்னும் ஊரை அடுத்த காட்டில் 12 பேர் கூடினர். மரங்களுக்குச் சாய அடையாளமிடப் பயன்பட்ட கைத்துப்பாக்கியே அவர்களது ஆயுதம். காட்டில் 4 இடங்களில் 4 நிறக் கொடிகள் வைக்கப்பட்டிருந்தன. நிறத்திற்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு, மேனியில் சாயம் படாமல் முதலில் வெளியேறுபவரே வெற்றியாளர். வென்றவர் ரிச்சி ஒயிட் என்பவர். காட்டுத் தொழிலில் பழகியவர். அவர் ஒருமுறைகூடச் சுடவில்லை! பிறர் கண்ணில் படாமல் மரங்களினூடே சென்று கொடிகளைச் சேர்த்துவிட்டார்.

கொடி என்ற பொருள் அங்கு இல்லாதிருந்தால், வெற்றி குறிபார்ப்பதில் வல்லவருக்கே போயிருக்கும். கொண்டுவர ஒரு பொருள் இருந்தமையால் பொறுமைக்கும் இடம் கிடைத்தது.

பின்னாளில் இவ்விளையாட்டைக் கதையாகவே அமைத்து ஆடலாயினர். நூற்றுக்கணக்கானோர் இரு அணிகளாகப் பிரிந்து, சிலவேளை 24 மணி நேரமும் ஆடுவர். சாயம் பட்டவர் தம் பாசறைக்குத் திரும்பி, சிறிது நேரம் கழித்து மீண்டும் களம் புகலாம். ஆகவே எத்தனை பேரைச் சுட்டாலும் அதனால் மட்டும் வெற்றி வாராது. பெட்டி, பீப்பாய், வரைபடத் துண்டுகள் போன்றவற்றைக் கைப்பற்றிக் குறித்த நேரம்வரை காக்கும் அணிக்கே மதிப்பெண் சேரும்.

இப்பொருள்களைத் தேர்வதில்தான் நடத்துவோரின் அறிவு வெளிப்படுகிறது. சட்டைப்பையில் ஒளிக்கத்தக்க சிறுபொருள் களத்தில் காணாமற்போகும், சண்டையும் மூளும். மணல் நிரப்பிய பெரிய கலம் நன்று. அதை இரு கைகளாலும் தூக்கவேண்டியிருப்பதால், தூக்குபவரால் சுட இயலாது. தோழர்கள் சூழ்ந்து காத்தாலன்றி அவர் ஓரடியும் நகர முடியாது. ஓட்டத்தில் பின்தங்கும் பிள்ளையும் அணிக்கு வேண்டியவனாகிறான். தூக்கிச் செல்பவர்மேல் சாயம் பட்டால், பொருளை அவ்விடத்திலேயே வைத்துவிட்டு அகல வேண்டும். தோழனிடம் எறிதல் கூடாது என்று முன்னரே விதி வகுப்பது நலம்.

எழுத்துள்ள தாள்களைப் பிளாஸ்டிக் உறையிலிட வேண்டும். இல்லையேல் மழையும் சாயமும் அவற்றைக் கூழாக்கிவிடும். எழுத்து பெரிதாகவும் இருக்கட்டும். களத்தில் எக்காரணத்திற்காகவும் முகக்கவசத்தைக் கழற்றலாகாது. கண்ணில் பாயும் உருண்டை பார்வையைப் பறித்துவிடும். சாயம் படிந்த கவசத்தின் வழியே படிக்க இயலாத ஓலை, ஒரு சிறுவனைக் கவசத்தைத் தூக்கத் தூண்டுமன்றோ? கூரிய விளிம்புடைய தகரமும், கழுத்தில் மாட்டும் கயிறும் நமக்கு உடன்பாடல்ல.

கதைக்குச் சுவை கூட்ட வெடிகுண்டு போன்ற பொம்மை செய்வோரும் உண்டு. மெய்யானதென மயங்கும்படி அதைச் செய்தல் தகாது. பளிச்சென்ற ஆரஞ்சு நிறம் பூசி, விளையாட்டுப் பொருள் என்று மேலே எழுதிவிட வேண்டும். ஆட்டம் முடிந்ததும் எல்லாப் பொருள்களையும் எண்ணிச் சரிபார்த்த பின்னரே களத்தைவிட்டு அகல வேண்டும். புதரில் மறந்துவிட்ட ஒன்று, மறுநாள் அவ்வழியே விறகு பொறுக்க வருபவரை அலறச் செய்யும், காவல்துறையையும் வரவழைக்கும்.