தாய்ப்பாலைக் காய்ச்சலாமா?



பிரசவ வார்டுக்கு ஜெபிக்கச் செல்லும் எங்களிடம் பாட்டிமார் கேட்பதெல்லாம் வேதத்தைப் பற்றிய கேள்விகள் அல்ல. "ஐயா, பீய்ச்சி வைத்த பாலை அடுப்பில் வைத்துக் காய்ச்சலாமா?" என்றும் கேட்கிறார்கள். டாக்டரம்மாவிடம் கேட்கக் கூச்சம் போலும்! உங்கள் சபைகளிலும் வேலைக்குப் போகும் தாய்மார் உண்டே என்பதால் இதை எழுதுகிறோம்.

பாம்பன், சின்னப்பாலம், ஓலைக்குடா பக்கத்துப் பெண்கள் பலர் கடலில் பாசி எடுத்துப் பிழைக்கிறவர்கள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி முங்கி, பாறையிலிருந்து பாசியைப் பறிப்பார்கள். காலையில் போனால் திரும்பப் பல மணி நேரமாகும். அதுவரை கைக்குழந்தை பாட்டியிடம்தான். தாய் பாலைப் பீய்ச்சி வைத்துவிட்டுப் போனால் பால்மாவு டப்பாவுக்குச் செலவில்லை. அதைக் கலக்கும் தண்ணீரால் வரும் வயிற்றுப்போக்குக்கும் பயப்பட வேண்டாம். தீவில் நல்ல தண்ணீருக்குப் படும் பாட்டை அறிந்தவர்களுக்கு இது விளங்கும்.

பாலைக் காய்ச்சாமல் குடிக்கக்கூடாது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆகவே பாட்டி தாய்ப்பாலையும் அடுப்பில் ஏற்றிவிடுகிறார். பசும்பால் பல கை மாறி வருவது; அதைக் காய்ச்சத்தான் வேண்டும். தாய்ப்பாலிலோ கிருமிகளை எதிர்க்கும் பொருள்கள் இருக்கின்றன. கொதித்தால் அவை கெட்டுப்போகும், வைட்டமின் சி-யும் குறையும்.

தாய்ப்பால் வங்கியில் சூடாக்குகிறார்களே என்று சிலர் கேட்கலாம். 1989-ல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கிய இந்த வங்கிகள் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகள் சிலவற்றிலும் உண்டு. அங்கே கொடுப்பது வேறொரு தாயின் பால். ஆகையால் கிருமி நீங்க 62.5 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் வைத்து, உடனே குளிரச் செய்கிறார்கள். அந்தச் சூட்டிலேயே நோய் எதிர்ப்புப் பொருள்கள் ஓரளவு குறைகின்றன. கொதிப்பதோ 100 டிகிரி!

சொந்தத் தாயின் பாலுக்கு இதெல்லாம் தேவையில்லை. சூடாக்கியே ஆகவேண்டும் என்பதும் இல்லை. குளிர் விட்டால் போதும். தண்ணீரைச் சுடவைத்து, அடுப்பிலிருந்து இறக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபின் அதில் பால் பாத்திரத்தை மூடியபடியே சில நிமிடம் வைக்கவேண்டும். மூடிக்குள் தண்ணீர் போகக்கூடாது. மேலே மிதக்கும் கொழுப்பு கலக்கும்படி மெதுவாகச் சுழற்றி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், சுடக்கூடாது. மைக்ரோவேவ் அடுப்பு வைத்திருக்கும் நகரத்து நண்பர்களே, அதில் வைக்கவே வேண்டாம். பால் ஒரு பக்கம் ஆறியும் ஒரு பக்கம் கொதித்தும் இருக்கும். குழந்தையின் வாய் வெந்துவிடும். கொதிக்க வைக்கவேண்டியது சங்கையும் கிண்ணத்தையும்தான்.

ஒருமுறை வெதுவெதுப்பாக்கிய பாலை 2 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். மறுபடி சூடாக்கக்கூடாது. குழந்தை குடித்து மீந்ததை அடுத்த வேளைக்கு எடுத்துவைப்பதும் கூடாது. கொட்ட மனம் வராதுதான், அதற்காகவே சிறுசிறு பாத்திரங்களில் பிரித்து வைக்கச் சொல்கிறோம்.

பீய்ச்சிய பால் வெளியே 4 மணி நேரம் தாங்கும் என்பது 25 டிகிரிக்குள் இருக்கும் அறைக்குச் சொன்னது. நம் சித்திரை வெயிலில் அந்தக் கணக்கு செல்லாது. மண்பானைத் தண்ணீரில் வைத்தேன் என்பார்கள். கடற்காற்றில் ஈரம் மிகுதியாகையால் பானை அவ்வளவு குளிராது. குளிர்சாதனப் பெட்டி இருந்தால், அல்லது பக்கத்து வீட்டார் இடம் கொடுத்தால், கதவுப் பக்கம் வைக்காமல் உட்புறம் வைக்கலாம். 4 நாள் வரை இருக்கும். இல்லாத வீட்டில் தாய் புறப்படும் நேரத்தில் பீய்ச்சி, முதல் பசிக்கே கொடுத்துவிடுவது நல்லது. மீன் பெட்டி ஐஸில் மட்டும் வைக்கவேண்டாம்.

எடுத்துவைத்த பாலில் சில வேளை சோப்பு வாடை வரும். அது கெட்ட பால் அல்ல. புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். மாதம் நிறையாமல் பிறந்த குழந்தைக்கும், நோயுற்ற குழந்தைக்கும் இந்த நேரக் கணக்குகள் பொருந்தா. அவர்களுக்கு மருத்துவரைக் கேட்ட பிறகே கொடுக்கவேண்டும்.